முனியம்மா என்று ஏன் வைக்கக் கூடாது? குழந்தைப் பெயர்கள்: கேள்வி பதில்

அரசுப் பள்ளியில் 31 வருடம் தமிழ் டீச்சராக இருந்தேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் வருகைப் பதிவேடு எழுதும்போது பெயர்களைத் தனி நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். பெயர் வைப்பது பற்றியும், பெயரை வைத்து ஆளை எடைபோடுவது பற்றியும் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து: மகள் பிறந்து நாற்பது நாள் ஆகிறது. என்னை வளர்த்த ஆச்சி பேர் பேச்சியம்மாள். அதையே வைக்க ஆசை. மனைவி வீட்டில், "வீட்டு வேலைக்கு வர்றவங்க பேர் மாதிரி இருக்கு, ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்க" என்கிறார்கள். என்ன செய்ய, டீச்சர்?

தம்பி, பேச்சி யார் என்று முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கும் கைக்குழந்தைக்கும் காவல் என்று உங்கள் பக்கத்தில் கும்பிடுகிற தெய்வம் அவள். பிறந்த குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன பெயர் வேண்டும்?

"வேலைக்காரப் பெயர்" என்ற பேச்சு மிகப் பழையது. மனுதர்மத்தின் 2ஆம் அத்தியாயத்தில் பெயர் வைக்க விதியே இருக்கிறது. பிராமணன் பெயரில் மங்கலம், சத்திரியன் பெயரில் வலிமை, வைசியன் பெயரில் செல்வம், சூத்திரன் பெயரில் இழிவு தெரிய வேண்டுமாம். அந்த நூலைக் கண்ணால் பார்க்காதவர்களும் அந்த வழியில்தான் நடந்தார்கள். வீட்டில் ராமசாமி என்று ஆசையாக வைத்திருப்பார்கள், பண்ணையார் தெருவில் அவன் "ஏலே ராமா"தான்.

அப்புறம் சினிமா வந்தது. பங்களாவில் இருக்கும் பெண் ராதா, அங்கே பாத்திரம் தேய்க்க வருபவர் முனியம்மா. இப்படியே பார்த்துப் பார்த்து, முனியம்மா என்றதும் கையில் துடைப்பத்தோடு ஒரு பெண் நம் கண்ணில் வந்து நிற்கிறாள். உங்கள் மாமியாருக்குத் தெரிவதும் அந்தப் படம்தான்.

அதற்காக மனைவி மனதை மீறி வைத்துவிடாதீர்கள். அவர்களுக்கு உங்கள் ஆச்சியைப் பற்றி நாலு கதை சொல்லுங்கள். ஆள் பிடித்துப்போனால் பெயரும் பிடித்துப்போகும். அவசரமும் இல்லை. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதன்பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக் கூட்டிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

சேலத்திலிருந்து: 'யு'வில் தொடங்கி 'ஷ்'ஷில் முடிகிற ஆண் பெயர், கூட்டுத்தொகை 5 வருகிற மாதிரி சொல்லுங்கள்.

எண் கணிதம் எனக்குத் தெரியாது. அதற்காக ஓர் எழுத்தை இரண்டு முறை போட்டுவிடாதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று அலைந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து: நிதிஷ், ஹர்ஷித், ரித்திக் எல்லாம் இப்போது கூலி வேலை செய்பவர்கள் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அவர்களுக்கு வாயில்கூட நுழைவதில்லை, அர்த்தமும் தெரியாது. இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் பதிவேட்டில் ரமேஷ், சுரேஷ் என்றால் பெரும்பாலும் ஆபீஸ் வேலை பார்ப்பவர் வீட்டுப் பிள்ளை. காட்டு வேலை செய்பவர் மகன் மாரியப்பன், சுடலைமுத்து, கருப்பசாமி. பத்துப் பதினைந்து வருடத்தில் காட்டு வேலை செய்பவரும் ரமேஷ் என்று வைத்தார். உடனே ஆபீஸ்காரர் கார்த்திக், விக்னேஷ் என்று நகர்ந்தார். அதுவும் ஊருக்குள் வந்ததும் அவர் 'ஹ', 'ஷ' என்று போனார். இப்போது அதுவும் வந்துவிட்டது என்று உங்களுக்கு வருத்தம். பின்னால் வருபவர் நெருங்கினால் முன்னால் போகிறவர் நடையைக் கூட்டுகிறார், அவ்வளவுதான். ஜெர்மனியிலும் 'கெவின்' என்ற பெயருக்கு இதே கதி. அந்தப் பெயரைக் கேட்டாலே படிக்காத பிள்ளை என்று ஆசிரியர்கள் நினைப்பதாக 2009இல் அங்கே ஓர் ஆய்வு வந்தது.

கூலி வேலை செய்யும் அப்பா ஏன் நிதிஷ் என்று வைக்கிறார்? அந்தப் பெயரில் ஊரும் தெரியாது, தெருவும் தெரியாது. அதுதான் அவருக்கு வேண்டும். 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்து ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள், பெயரை மட்டும் மாற்றினார்கள். உயர்சாதிப் பெயர்களைவிட தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாக வந்தது. பிள்ளை நாளைக்கு விண்ணப்பத்தோடு நிற்கும்போது பெயர் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு தகப்பன் நினைத்தால், அவருக்கு அர்த்தம் தெரியவில்லை என்று நாம் எப்படிச் சொல்வது?

தஞ்சாவூரிலிருந்து: தமிழாசிரியையாக இருந்துகொண்டு வடமொழிப் பெயருக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே! 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அவர்கள் பாடுபட்டதெல்லாம் வீணா?

வீண் இல்லை ஐயா. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. இன்றைக்கு நம் ஊரில் பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் சாதி வால் இல்லை என்றால் அந்த உழைப்பும் ஒரு காரணம். என் மகளுக்கும் தமிழ்ப் பெயர்தான் வைத்தேன். ஆனால் நிதிஷ் என்று வைத்தவரைப் பார்த்து "தமிழ் தெரியாதவன்" என்று சிரிப்பதும் அதே மேட்டிமைதான்.

காரைக்குடியிலிருந்து: தஞ்சாவூர் ஐயாவிடம் ஒரு கேள்வி. இனியா, யாழினி, மகிழன் என்று வைக்கிறீர்கள். கருப்பாயி, அழகி, வெள்ளையன் ஏன் வைப்பதில்லை? அதுவும் தமிழ்தானே?

தஞ்சாவூரிலிருந்து: கருப்பாயி என்று வைத்தால் பிள்ளையே நாளைக்கு நம்மைக் கேட்கும். நடைமுறையையும் பார்க்க வேண்டும்.

பாருங்கள் ஐயா, திருநெல்வேலித் தம்பியின் மாமியார் சொன்னதும் இதே நடைமுறைதான். கீழடிப் பானை ஓட்டில் 'ஆதன்' என்று கீறியிருப்பதைக் கொண்டாடுகிறோம், பேரனுக்கு ஆதன் என்று வைக்கவும் செய்கிறோம். அது இரண்டாயிரம் வருடம் தள்ளி இருப்பதால் மரியாதை. கருப்பாயி போன தலைமுறையில் களை எடுத்தவர். அந்தக் கிட்டத்துக்குத்தான் கூசுகிறோம். உங்களைக் குறை சொல்லவில்லை, என் மகளுக்கு என் பாட்டி பெயரை நானும் வைக்கவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்.

இதற்கு மேல் தஞ்சாவூரும் காரைக்குடியும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து: மக நட்சத்திரத்துக்கு என்ன எழுத்து?

ஜோசியரைக் கேளுங்கள்.

ஓசூரிலிருந்து: கூட்டுத்தொகை 3 வருகிற மாதிரி 'த'வில் ஒரு பெண் பெயர்...

சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். எழுத்துக் கூட்டல் பத்திரம்.

வேலூரிலிருந்து: வயது 34. நான் நாலாவது பெண். இனிப் பெண் வேண்டாம் என்று பொருள் வருகிற மாதிரி எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆபீஸில் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஒரு சிரிப்பு. மாற்றினால் அம்மா வருத்தப்படுவார்களோ என்று இருக்கிறது.

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் வகுப்பில் இருந்த ஒரு பெண்தான் நினைவுக்கு வந்தாள். அவள் பெயரில் 'பிச்சை' என்ற சொல் இருந்தது. முதல் நாள் கூப்பிட்டதும் வகுப்பே சிரித்தது. அவள் "உள்ளேன் டீச்சர்" சொல்லவில்லை. பெஞ்சின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே கையை மட்டும் பாதி தூக்கினாள். மறுநாள் பாடத்தை நிறுத்திவிட்டுச் சொன்னேன்: முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் புரட்டி எடுப்பார்கள், தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். எமன் கண்ணில் படாமல் இருக்கத்தான் பிச்சை, குப்பு என்று பெயர். எப்படியாவது இந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று வைத்த பெயர் அது. அதற்குப் பிறகு அவள் சத்தமாக "உள்ளேன்" சொன்னாள்.

உங்கள் பெயர் வேறு. அதில் உங்களைக் காப்பாற்றும் நோக்கம் இல்லை, அதை மறைத்துப் பேச மாட்டேன். மகாராஷ்டிர மாநிலம் சதாராவில் 'வேண்டாதவள்' என்று பொருள்படும் 'நகுஷி' என்ற பெயரோடு இருந்த நூற்றுக்கணக்கான சிறுமிகளுக்கு 2011இல் விழா நடத்திப் புதுப் பெயர் வைத்தார்கள். பலர் தாங்களே தேர்ந்தெடுத்த பெயர். நீங்களும் மாற்றுங்கள். எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்து அரசிதழில் வெளியிட்டால், அதை வைத்து மற்ற ஆவணங்களைத் திருத்திக்கொள்ளலாம்.

விண்ணப்பம் கொடுக்கும் முன் ஒருநாள் ஊருக்குப் போய், புதுப் பெயரை அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். அந்தப் பெயரால் உங்களை முதலில் கூப்பிடுவது அவர்களாக இருக்கட்டும்.