பதிவிறக்கம் பறக்கிறது, பிங் மட்டும் ஏன் எகிறுகிறது?

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. வாலரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் அப்டேட் சில நிமிடங்களில் இறங்கிவிடுகிறது. ஆனால் இரவு 8 மணிக்கு மேல் ஆட்டத்தில் பிங் (தகவல் சேவையகம் வரை போய்த் திரும்ப ஆகும் நேரம்) 40 மில்லிவிநாடியிலிருந்து 150-க்குப் போகிறது. ஏற்காட்டில் மாமனார் வீட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டால் லாகின் திரையே நகர்வதில்லை. எப்படியோ உள்ளே போய்விட்டால் ஆட்டம் சீராக இருக்கிறது. சிடிஎன் கோளாறு, டிஎன்எஸ்ஸை (இணையப் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவையை) மாற்றுங்கள் என்கிறார் நண்பர். மாற்றலாமா?"

ஏற்காட்டில் மாற்றிப் பாருங்கள். அழகாபுரத்தில் அதனால் பயனிருக்காது. தங்களுக்கு இருப்பது ஒன்றல்ல, இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

சிடிஎன் என்பது எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே மாதிரியான கோப்புகளைப் பல ஊர்களில் நகலெடுத்து வைத்திருக்கும் சேவையகங்களின் கூட்டம். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் சரக்கு இருந்தால் அதற்காகச் சென்னைக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. அப்டேட் வேகமாக இறங்குவதும் இப்படித்தான். ஆனால் தொலைபேசியில் பேசும் பேச்சை மூட்டை கட்டி மண்டியில் இருப்பு வைக்க முடியாது. வாலரன்ட் சேவையகம் விநாடிக்கு 128 முறை ஆட்ட நிலையைக் கணக்கிடுகிறது. அந்தத் தகவல் அந்தக் கணத்துக்கு மட்டுமே உரியது என்பதால், ஒவ்வொரு முறையும் மும்பை சேவையகம் வரை சென்றுதான் திரும்ப வேண்டும். ஆகவே பதிவிறக்க வேகத்தை வைத்து பிங்கை எடைபோடக் கூடாது.

ஏற்காட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. லாகின் பக்கம், அப்டேட் சரிபார்ப்பு போன்றவை பெரும்பாலும் சிடிஎன் வழியாக வருபவை. எந்தச் சிடிஎன் சேவையகத்துக்குப் போவது என்பது பல வேளைகளில் டிஎன்எஸ் தரும் பதிலைப் பொறுத்தது. எனவே மடிக்கணினியில் 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) என்று டிஎன்எஸ்ஸை மாற்றிப் பாருங்கள். அப்போதும் நகரவில்லையென்றால் வேறு நிறுவனத்தின் சிம்மில் முயலுங்கள். ஒருவேளை ஊர் உலகமே ஒரே நேரத்தில் லாகின் ஆக முடியாமல் தவித்தால் எதையும் தொடாமல் காத்திருப்பதே நல்லது. 2021 ஜூலை 22 அன்று அகாமை என்ற சிடிஎன் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவை பழுதானபோது ஸ்டீம், பிளேஸ்டேஷன் நெட்வொர்க் உட்படப் பலவும் சற்று நேரம் முடங்கின. அன்று ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டவர்களுக்குக் கை வலிதான் மிச்சம்.

அழகாபுரத்துக்கு வருவோம். இரவு 8 மணிக்கு மேல் கமாண்ட் பிராம்ப்ட்டில் முதலில் ரவுட்டரின் முகவரிக்கே பிங் கொடுங்கள். அதுவே 20, 30 மில்லிவிநாடி என்று துள்ளினால் வைஃபைதான் குற்றவாளி. லேன் கேபிள் போட்டால் தீரும். அது 1, 2-லேயே நின்றால், வீட்டில் யாருடைய கைபேசியாவது அந்நேரம் புகைப்படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றுகிறதா என்று பாருங்கள். ஏற்றும் பாதை நிரம்பினால் ஆட்டத்தின் சிறு தகவல் பொட்டலங்கள் ரவுட்டரில் வரிசையில் நின்றுவிடும். 100 எம்பிபிஎஸ் இருந்தும் இது நடக்கும்.

இரண்டும் இல்லையென்றால் டிரேஸ்ரூட் (தகவல் போகும் வழியிலுள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் சோதனை) எடுங்கள். ஒளி கண்ணாடி இழையில் ஒரு மில்லிவிநாடியில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும். சேலத்திலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். போய்வர 10 மில்லிவிநாடியே போதும், கேபிள் சுற்றிப் போவதால் 40 என்பது நியாயமான எண். சில வேளைகளில் மும்பைக்குப் போகும் தகவல் சிங்கப்பூர் வழியாகத் திருப்பிவிடப்படும். அப்படியானால் கடலில் போய்வருவதற்கே 60 மில்லிவிநாடிக்கு மேல் கூடும். டிரேஸ்ரூட்டில் இடையில் ஏதோ ஒரு நிலையில், அதாவது வழியிலுள்ள ஒரு ரவுட்டரில், மட்டும் தகவல் இழப்பு தெரிந்து, கடைசி நிலை சுத்தமாக இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பல ரவுட்டர்கள் இத்தகைய சோதனைக்குப் பதில் சொல்வதைப் பெரிதாக மதிப்பதில்லை.

காலை 7 மணிக்கு ஒன்றும் இரவு 9 மணிக்கு ஒன்றுமாக மூன்று நாள் டிரேஸ்ரூட் எடுத்து இணைப்பு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். "நெட் ஸ்லோ" என்று சொன்னால் வேகச் சோதனை செய்து காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "இரவில் மும்பைக்கான பாதை மாறுகிறது" அல்லது "இந்த நிலையிலிருந்து நெரிசல் தொடங்குகிறது" என்று எழுத்தில் கேட்டால்தான் புகார் நெட்வொர்க் பிரிவுக்குப் போகும்.