வெயில் வராத வீட்டில் கீரை வளர்க்க 5,000 ரூபாய் போதுமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்துக் கட்டடம் ஒட்டி நிற்பதால் பால்கனியில் வெயிலே விழாது. மொட்டை மாடியை வீட்டுக்காரர் பூட்டி வைத்திருக்கிறார். புதினா, கீரை, மைக்ரோகிரீன்ஸ் (விதை முளைத்துச் சில நாளிலேயே வெட்டிச் சாப்பிடும் இளந்தளிர்) இவற்றை வீட்டுக்குள்ளேயே வளர்க்க ஆசை. இணையத்தில் 14,000 ரூபாய்க்கு ஒரு வளர்ப்புக் கூடாரம் பார்த்தேன். '1000 வாட்' ஊதா விளக்கு, ஃபேன் எல்லாம் சேர்ந்த முழு செட். என்னால் 5,000 ரூபாய்தான் முடியும். பழைய இரும்பு பீரோ ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வைத்துச் செய்யலாமா? இதற்கு முன் செடி வளர்த்ததில்லை.

பதில்: தாராளமாகச் செய்யலாம். அந்த செட்டை வாங்க வேண்டாம். செடிக்கு முக்கியம் வெளிச்சம். கூடாரம், ஜிப், உள்ளே மினுங்கும் துணி எல்லாம் அதற்கு அப்புறம்தான். உங்கள் பணத்தில் பெரும்பங்கு விளக்குக்கும் பத்திரமான ஒயரிங்குக்கும் போகட்டும்.

முதலில் அந்த '1000 வாட்'. மலிவு விளக்குகளில் பெட்டி மேல் போடும் எண், பெரும்பாலும் உள்ளே இருக்கும் எல்இடி சில்லுகள் தாங்கக்கூடிய அளவைக் கூட்டிப் போட்டது. இல்லையென்றால் பழைய சோடியம் விளக்குக்குச் 'சமம்' என்று சொல்வது. அது உண்மையில் இழுக்கும் மின்சாரம் 100 வாட் பக்கத்திலேயே நின்றுவிடும். செடிக்குக் கிடைக்கும் வெளிச்சம் இந்தச் சின்ன எண்ணைப் பொறுத்தது. அதனால் எந்த விளக்கானாலும் "உண்மையில் எத்தனை வாட் இழுக்கும்?" என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். நேரான பதில் வரவில்லையென்றால் அங்கே வாங்காதீர்கள்.

ஊதா நிறமும் தேவையில்லை. செடி சிவப்பையும் நீலத்தையும் அதிகம் பயன்படுத்துகிறது என்பது சரிதான். ஆனால் வெள்ளை எல்இடியே நீல எல்இடி மேல் பாஸ்பர் என்ற ஒளிரும் பொடியைப் பூசிச் செய்வதுதான். அதில் செடிக்கு வேண்டிய நிறங்கள் எல்லாம் கலந்தே வருகின்றன. ஊதா வெளிச்சத்தில் இலை மஞ்சளாகிறதா, பூச்சி விழுந்திருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. புதிதாகத் தொடங்குபவருக்கு இது பெரிய தொல்லை.

நீங்கள் வாங்க வேண்டியது எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சாதாரண 2 அடி, 10 வாட் எல்இடி பேட்டன் (டியூப் லைட் மாதிரி நீளமான பட்டை விளக்கு). வெள்ளை நிறம், 6500 கெல்வின் அல்லது 4000 கெல்வின், எதுவானாலும் சரி. கீரைக்கு ஒரு சதுர அடிக்கு 12 முதல் 15 வாட் வரை கணக்கு வையுங்கள். மைக்ரோகிரீன்ஸுக்கு அதில் பாதி போதும். பீரோவின் ஒரு தட்டில் 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் எடுத்தால் 3 சதுர அடி. அங்கே நான்கு பேட்டன் மாட்டுங்கள். மைக்ரோகிரீன்ஸ் தட்டுக்கு இரண்டு போதும். ஒன்று ஏறக்குறைய 200 ரூபாய் என்றால் ஆறும் சேர்ந்து 1,200தான். விளக்குக்கும் இலை நுனிக்கும் நடுவே அரை அடி முதல் முக்கால் அடி வரை இருக்கட்டும். போனில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி இருந்தால் இலை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். துல்லியம் எதிர்பார்க்க முடியாது, ஆனாலும் 10,000 லக்ஸுக்கு மேல் காட்டினால் கீரைக்குப் போதும்.

பேட்டன் பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். பதிவு எண் (ஆர் என்று தொடங்கும்) இருக்கிறதா என்று பார்த்து, பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைச் சரிபாருங்கள். தினமும் 14 மணி நேரம் எரியப்போகிற விளக்கு, அதனால் இதில் தயவுதாட்சண்யம் வேண்டாம்.

பீரோ விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு கவலை. இரும்பு, தண்ணீர், கரண்ட் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கப்போகின்றன. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பீரோவின் உடம்பில் திருகு போட்டு எர்த் ஒயர் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் சுவிட்ச்) இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதைப் போடும்வரை பீரோவில் கரண்ட் வேலையே வேண்டாம். அதற்கான செலவை வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அது மொத்த வீட்டுக்கும் பாதுகாப்பு. பிளக் பாக்ஸை ட்ரேக்களுக்கு மேலே, பக்கவாட்டில் மாட்டுங்கள். ஒயர் பிளக்குக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி அப்புறம் மேலேறட்டும். அப்போது வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

உள்பக்கம் மினுமினுப்பு இல்லாத வெள்ளை பெயிண்ட் அடியுங்கள். அலுமினியம் ஃபாயில் ஒட்டச் சொல்லும் வீடியோக்களைக் கேட்காதீர்கள். பெயிண்டே வெளிச்சத்தை நன்றாகத் திருப்பிவிடும், ஃபாயிலில் கரண்ட் பாயும் ஆபத்தும் உண்டு. கதவுகளைக் கழற்றி வைப்பது நல்லது. மூடிய பீரோவில் சூடும் ஈரமும் தேங்கிப் பூஞ்சை வரும். பழைய கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த 12 வோல்ட் ஃபேன் ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் 12 வோல்ட் ரவுட்டர் அடாப்டரில் அதை ஓட்டலாம்.

500 ரூபாய் சுற்றி ஒரு பிளக் டைமர் வாங்கிவிடுங்கள். மாலை 6 மணிக்கு எரிந்து காலை 8 மணிக்கு அணையட்டும். சென்னை வெயிலில் பகலில் விளக்குச் சூடும் சேர்ந்தால் செடி வாடும். 60 வாட், 14 மணி நேரம் என்றால் நாளைக்கு 0.84 யூனிட், இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 50 யூனிட். ஏற்கெனவே ஏசி ஓடி 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடென்றால் யோசியுங்கள். அந்த எல்லையைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும்.

மைக்ரோகிரீன்ஸில் தொடங்குங்கள். சமையலறைக் கடுகு, வெந்தயம், பாசிப்பயறே போதும், 7 முதல் 12 நாளில் வெட்டலாம். விதைக் கடையில் நிறம் ஏற்றிய விதை தந்தால் வாங்காதீர்கள், அது பூஞ்சைக்கொல்லி கலந்தது. அப்புறம் புதினா, வெந்தயக்கீரை, சிறுகீரை. கொத்தமல்லி கோடையில் படுத்தும், மழைக்காலம் வரை பொறுங்கள். தக்காளி, மிளகாய் இந்த வெளிச்சத்தில் வேண்டாம்.

ட்ரே, பெயிண்ட், மண் கலவை, விதை எல்லாம் சேர்த்தாலும் பொருள் செலவு 4,000க்குள் நிற்கும். விலை கடைக்குக் கடை மாறும். மீதியை எலக்ட்ரீஷியன் கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கீரைச் செலவு மிச்சமாகும் என்று நினைத்துச் செய்யாதீர்கள். கடைக் கட்டுக் கீரையோடு விலையில் போட்டி போட முடியாது. மருந்து தெளிக்காத இலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் இதில் உங்களுக்குக் கிடைப்பது.

கேள்வி: நான் '1000 வாட்' என்ற விளக்கை ஆன்லைனில் வாங்கிவிட்டேன். வாட் மீட்டரில் 96தான் காட்டுகிறது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். (கோவை வாசகர்)

பதில்: விட்டுவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. அந்த விற்பனைப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை மாற்றிவிடலாம். பில், பெட்டி லேபிள் படம், மீட்டர் காட்டும் வீடியோ இவற்றோடு தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா? 1915க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

கேள்வி: வீட்டுக்குள் வளர்க்க மண்ணா, தேங்காய் நார்த்தூளா? (திருச்சி வாசகி)

பதில்: நார்த்தூளோடு மண்புழு உரம். மூன்று பங்கு நார்த்தூளுக்கு ஒரு பங்கு உரம் போதும், உரம் கூடினால் ஈரத்தில் கொசு போன்ற சிறு ஈக்கள் பெருகும். நார்த்தூள் கட்டியை வாங்கும்போது உப்பு நீக்கியது, குறைந்த ஈசி (உப்பின் அளவைக் காட்டும் எண்) என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். போடாததை வாங்கினால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மைக்ரோகிரீன்ஸுக்கு ஒன்றரை அங்குல ஆழம் போதும், கீரைக்கு அரை அடி வேண்டும்.