வாசகர் கேள்வி – பதில்: முத்திரையில் ஒரு கல்லூரி

கேள்வி: தாத்தாவின் பழைய கடிதங்களில் ஒரு கல்லூரிக் கட்டடப் படம் போட்ட தபால் முத்திரை இருக்கிறது. அதன் காலத்தை எப்படி அறிவது? கழற்றி வைக்கலாமா? (வாசகர், ஹட்டன்)

பதில்: முதலில் நாட்டின் பெயரைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'சிலோன்' என்றிருந்தால் 1972 மே மாதத்துக்கு முந்தியது. 'ஸ்ரீ லங்கா' என்றால் பிந்தியது. தமிழில் பார்த்துப் பயனில்லை, அப்போதும் இப்போதும் 'இலங்கை' தான்!

முத்திரையிலுள்ள ஆண்டைக் கட்டடத்தின் வயதென்று எண்ணிவிடாதீர்கள். அது நிறுவனம் தொடங்கிய ஆண்டாக இருக்கலாம். பலரும் சறுக்குவது இங்கேதான். கண்டி திரித்துவக் கல்லூரி 1872இல் தொடங்கியது. அங்குள்ள கருங்கல் தூண் தேவாலயத்துக்கு அடிக்கல் வைத்ததோ 1923இல். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் பிறந்து, 1952இல்தான் பேராதனைக்கு வந்தது.

தபாலகம் குத்திய திகதிக் குறி தெளிவாக இருந்தால் கழற்றவே வேண்டாம், உறையோடு வைத்திருங்கள். அதுதான் மதிப்பு. குறி மங்கியிருந்தால் மட்டும் முத்திரையைச் சுற்றி ஒரு சென்ரிமீற்றர் விட்டு உறையை வெட்டி, 20 நிமிடம் பச்சைத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். தானாகக் கழரும், உரித்தால் தாள் மெலிந்து கிழியும். நிற உறையென்றால் தனிக் கிண்ணம், சாயம் இறங்கும். பசையை விரலால் வழித்துக் கழுவி, படம் கீழாக ஒற்றுத்தாளில் காயவிடுங்கள். நம் மலைப் பனியில் ஒரு நாள் போதாது, இரண்டு நாள் விடுங்கள். ஈரத்தோடு அல்பத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணமும் பிடிக்கும்.