முதல் இன்டர்னலில் 18 மார்க்: தமிழ் வழியில் படித்து பி.இ. சேர்ந்த பிள்ளையின் பெற்றோருக்கு

அம்மா, பிளஸ் டூ கணக்கில் 90-க்கு மேல் வாங்கிய பிள்ளை கல்லூரியின் முதல் இன்டர்னலில் (செமஸ்டருக்கு நடுவே கல்லூரியே வைக்கும் தேர்வு) நூற்றுக்கு 18 வாங்கி, "விட்டுட்டு வந்துடறேன்" என்று போனில் அழுதால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காதுதான். ஆனாலும் அந்த 18-ஐ வைத்துக்கொண்டு "நம்ம பிள்ளைக்கு இஞ்சினியரிங் வராது" என்று முடிவு கட்டாதீர்கள். தமிழ் வழிப் பிள்ளைகளின் முதல் செமஸ்டர் மார்க்கில் பாதி பாடத்தின் மார்க், மீதி மொழியின் மார்க்.

தம்பிக்கு ஒரே மாதத்தில் எத்தனை மாறியிருக்கிறது பாருங்கள்: ஊர், சாப்பாடு, தூங்கும் இடம், பாடமொழி. இவற்றோடு "கிளாஸ் ஃபர்ஸ்ட்" என்ற பெயரும் போய்விட்டது. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் வலிக்கும், பிள்ளைகள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்யப் போனால் எதுவும் ஆகாது. முதலில் மொழியைப் பிடியுங்கள்.

திருத்திய விடைத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு, மார்க் போன ஒவ்வொரு இடத்திலும் தம்பி ஒரு எழுத்துப் போடட்டும். கேள்வியே புரியவில்லை என்றால் 'மொ'. புரிந்தும் போடத் தெரியவில்லை என்றால் 'பா'. தெரிந்தும் நேரம் போதவில்லை என்றால் 'நே'. 'மொ' நிறைய இருந்தால் அது படிப்புக் குறை இல்லை. போர்டில் 'அஜாய்ன்ட்' என்று எழுதினால் புதுப் பாடம் என்று மிரள்வான். பன்னிரண்டாம் வகுப்பில் அவன் போட்ட சேர்ப்பு அணிதான் அது. 'இன்வர்ஸ்' என்பது நேர்மாறு, 'ரேங்க்' என்பது அணித்தரம், 'டிஃபரன்சியேஷன்' என்பது வகையிடல். ஐகன் வேல்யூ என்ற அணிக் கணக்கு மட்டும் உண்மையிலேயே புதுசு. அதற்கு வேண்டிய அணிக்கோவை விரிவு பதினொன்றாம் வகுப்பிலேயே படித்தது.

இதற்குப் பைசா செலவில்லாத மருந்து இருக்கிறது. பாடநூல் கழகத்தின் பிளஸ் டூ கணக்கு, இயற்பியல், வேதியியல் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் பாட வரிசை ஒன்று, கணக்கு எண்ணும் ஒன்று. தமிழில் எடுத்துக்காட்டு 1.1 எதுவோ, ஆங்கிலத்திலும் 1.1 அதுவே. பக்கத்தில் பக்கம் திறந்து வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு, பத்துச் சொல். சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, எதிரே பள்ளியில் படித்த தமிழ்ச் சொல், கீழே அந்தச் சொல் வரும் ஒரு முழு வாக்கியம். வாக்கியத்தை விட்டுவிட்டால் பயனில்லை. பரீட்சையில் எழுத வேண்டியது வாக்கியம்தானே. "இங்கிலீஷ் பேசப் பழகு" என்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டுவது இந்த மாதத்துக்குத் தேவையில்லாத செலவு என்பேன்.

அடுத்தது மார்க் கணக்கு. கல்லூரி அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியா, தன்னாட்சியா (தேர்வைத் தானே நடத்துவது), எந்த ஆண்டு ஒழுங்குமுறை (ரெகுலேஷன்) என்று முதலில் கேளுங்கள், விதி மாறும். 2021 ஒழுங்குமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை நூற்றுக்கு எழுதுவார்கள், பிறகு 60-க்குச் சுருக்குவார்கள். பாஸாக அந்த நூற்றில் 45 வாங்கவே வேண்டும், சுருக்கிய மார்க்கும் இன்டர்னலும் சேர்ந்து 50 வர வேண்டும். இன்டர்னலில் 23 வைத்திருந்தால் தேர்வில் 45 போதும். இன்டர்னல் 15 என்றால் தேர்வில் 59 வேண்டும். அந்த இன்டர்னலிலும் எழுத்துத் தேர்வுக்கு 60 சதவீதம்தான், மீதி 40 அசைன்மென்ட், செமினார் போன்றவற்றுக்கு. நேரத்துக்கு அசைன்மென்ட் கொடுப்பதற்கு மொழி தடையில்லை. பயந்த பிள்ளைகள் முதலில் கைவிடுவதும் அதைத்தான்.

அதே ஒழுங்குமுறையின் செமஸ்டர் வினாத்தாளில் இரண்டு மார்க் கேள்வி பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று. இரண்டு மார்க் கேள்விகள் பெரும்பாலும் வரையறை, சிறு கணக்கு. சொல் நோட்டு நேராக உதவும் இடம் அது. பெரிய கேள்வியில் படம், சூத்திரம், படிகளை முதலில் போட்டுவிட்டு விளக்கத்தைச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள்.

வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஊருக்கு வர ஏங்கும் பிள்ளை வெள்ளி, திங்கள் இரண்டையும் விட்டால் வாரத்தில் இரண்டு நாள் போய்விடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரட்டும். நடுவில் ஒரு ஞாயிறு நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

போனில் "பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?" வேண்டாம். "பணம் கட்டிப் படிக்க வெச்சோமே" என்பதும் வேண்டாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதைச் சொன்னாலே பிள்ளையின் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கும். அரசின் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தால் அது அவன் கைச்செலவுக்கே இருக்கட்டும்.

படிப்பை விடுவதா என்ற பேச்சை முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும் வரை தள்ளிப்போடுங்கள். அப்போதும் 'பா' என்று குறித்த இடங்களே அதிகம் என்றால் பாடப்பிரிவு மாறுவதையோ, கலை அறிவியல் கல்லூரியையோ பேசலாம், தப்பே இல்லை. ஆனால் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், அறையை விட்டு வெளியே வராமல் இருக்கிறான் என்றாலோ, "நான் இருந்து என்ன" என்கிற மாதிரி பேசினாலோ ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கிளம்பிப் போங்கள். 14416 (மனநல உதவி எண்), 104 (அரசின் மருத்துவ உதவி எண்) இரண்டிலும் தமிழில் பேசலாம். இப்போதே உங்கள் போனிலும் தம்பி போனிலும் பதிந்து வையுங்கள்.