சாஹானுக்கு ஆறிய சோறு வேண்டாம்

தம்பி, தோக்கியோ வந்து இரண்டு மாதம், ஜப்பான் அரிசியில் ஃபிரைட் ரைஸ் கிளறினால் களியாகிவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸின் ஜப்பானிய நண்பர்கள் இருவர் சாப்பிட வருகிறார்கள், இந்தியக் கடைகள் இருக்கும் நிஷி-கசாய் பகுதிக்குப் போய் பாஸ்மதி வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். அவர்கள் அரிசியிலேயே சாஹான் செய்து கொடுங்கள். ஜப்பானிய வீடுகளில் ஃபிரைட் ரைஸுக்கு அதுதான் பெயர். யாகிமேஷி என்றும் சொல்வார்கள்.

ஊரில் சோற்றை ஆறவைத்து உதிர்த்துப் பழகிய கை நம்முடையது. இந்தக் குட்டை அரிசியில் பசை அதிகம். ஆறினால் கட்டிதட்டும், கட்டியை உடைக்கக் கரண்டியால் அழுத்துவோம், களியாகும். முதல் வருடம் முழுக்க நானும் அப்படித்தான் செய்தேன். இங்கே சோறு சூடாக இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்த சோறு என்றால் மைக்ரோவேவில் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள். புதிதாக வடிப்பதானால் ரைஸ் குக்கரின் உள்ளே இருக்கும் தண்ணீர்க் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே தண்ணீரை நிறுத்துங்கள். குக்கரோடு வரும் கப் 180 மில்லிதான், ஊர் கப் கணக்கு போட்டுவிடாதீர்கள்.

ஒரு தடவைக்கு ஒரே தட்டு: 200 கிராம் சோறு, ஒரு முட்டை. மூன்று பேர் என்றால் மூன்று தடவை. இதில் மட்டும் சோம்பல் படாதீர்கள், சட்டி நிறைந்தால் சூடு இறங்கி சோறு வேகத் தொடங்கிவிடும். எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் அடித்த முட்டையை ஊற்றி, அது பாதி இறுகும் முன்பே சோற்றைக் கொட்டுங்கள். முட்டை ஒவ்வொரு பருக்கையையும் சுற்றிக்கொள்ளும், பிறகு ஒட்டாது. கரண்டியின் ஓரத்தால் வெட்டிவிடுங்கள், அழுத்த வேண்டாம். உங்கள் வீட்டில் ஐஎச் அடுப்பு, அதாவது இண்டக்ஷன் அடுப்பு என்றால் சட்டியைத் தூக்கிக் குலுக்கவும் கூடாது, தூக்கினால் சூடு நின்றுவிடும். பருக்கை உதிர்வதைப் 'பராபரா' என்பார்கள். அந்தப் பதம் வந்ததும் உப்பு, மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய நேகி, அதாவது இங்கத்திய நீள வெங்காயத்தாள். கடைசியில் ஒரு சின்ன ஸ்பூன் ஷோயுவை, அதாவது சோயா சாஸை, சோற்றின் மேல் ஊற்றாமல் சட்டியின் ஓரத்தில் விடுங்கள். அது சுரீரென்று பொரிந்து வரும் வாசனைதான் சாஹான்.

கடைகளில் பெரும்பாலும் பன்றி இறைச்சி போடுவார்கள். இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம், வெளியே சாப்பிடும்போது கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இறால் போதும், அருமையாக இருக்கும்.

சோற்றைச் சின்னக் கிண்ணத்தில் அமுக்காமல் நிரப்பி, தட்டில் கவிழ்த்துக் குவியலாக வையுங்கள். ஓரத்தில் பெனி ஷோகா, அந்தச் சிவப்பு இஞ்சி ஊறுகாய். பக்கத்தில் நேகி மிதக்கும் தெளிந்த சூப். சாப்ஸ்டிக் வேண்டாம், ரெங்கே என்ற குழிக் கரண்டி வையுங்கள்.

அப்புறம், எல்லோர் தட்டும் வரும்வரை அவர்கள் கை வைக்காமல் காத்திருப்பார்கள். முதல் தட்டை வைத்ததுமே "சமெனாய் உச்சி நி தோஸோ" என்று சொல்லிவிடுங்கள். ஆறுவதற்குள் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்கு அடுப்பைப் பற்றவையுங்கள்.