ஆர்வமில்லையா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் முதுகலை படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகக் குழுவோடு மலையேறப் போனேன். வேனில் என்னைத் தவிர எல்லோரும் வெள்ளையர்கள். என் அறைத்தோழி கறுப்பினப் பெண், கூப்பிட்டும் வரவில்லை. "அவர்களுக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை" என்றார் குழுத்தலைவரான மாணவர். அப்படித்தானா?

ச.

அன்புள்ள ச.,

நான் அதை ஏற்கவில்லை. கறுப்பின மக்கள் காட்டுப் பகுதிகளுக்குக் குறைவாகப் போவது பற்றி 1978-இல் ராண்டல் வாஷ்பர்ன் எழுதிய கட்டுரை இரண்டு விளக்கங்களைப் பரிசீலித்தது: வறுமை, பண்பாடு. அவர்களை உள்ளே விடாத வரலாற்றுக்கு இந்த இரண்டிலும் போதிய இடமில்லை.

வர்ஜீனியாவில் ஷெனாண்டோவா தேசியப் பூங்கா இருக்கிறது. 1939-இல் அங்கே லூயிஸ் மவுண்டனில் கறுப்பினத்தவருக்கென்று தனி முகாமிடம் திறந்தார்கள். 'நீக்ரோ பகுதி' என்று பலகையே நட்டிருந்தார்கள். இதைச் செய்தது அரசாங்கம். 1950 வாக்கில்தான் பிரிவினை முழுதாக நீங்கியது. உங்கள் தோழியின் பாட்டி அப்போது சிறுமியாக இருந்திருக்கலாம். ஆளரவமற்ற காட்டுப்பாதை என்றால் அந்தத் தலைமுறைக்கு அமைதி நினைவுக்கு வராது, வெள்ளையர் கும்பல்களால் அடித்துக் கொல்லப்பட்டவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். இருட்டுமுன் வீடு திரும்பச் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

நீச்சலும் இப்படித்தான். பூங்காக்களில் எல்லோரையும் அனுமதிக்க வேண்டும் என்று கறுப்பினத்தவர் வழக்குப் போட்டதும், அலபாமாவின் மான்ட்கமரி நகரம் 1959-இல் தன் பூங்காக்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டது. நீச்சல் குளத்தை மண்போட்டு நிரப்பியது. நீந்தக் கற்காத பெற்றோரின் பிள்ளையிடம் போய், கயாக் படகு ஓட்ட வா என்றால் தயங்கத்தான் செய்யும். அந்தத் தயக்கத்துக்கு ஆர்வமின்மை என்று பெயர் வைப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

பணமும் உண்டு. பயணக் கட்டணம் குறைவாக இருக்கலாம். பூட்ஸ், மழைக்கோட்டு, உறக்கப் பை? சனி, ஞாயிறு வேலை பார்த்துப் படிப்பவர் இரண்டு நாள் சம்பளத்தையும் விட வேண்டும்.

ஆர்வமில்லாதவர்களா வட அமெரிக்காவின் மிக உயரமான மலையான டெனாலியில் ஏறுவார்கள்? 1964-லேயே சார்லஸ் கிரென்ஷா என்ற கறுப்பினத்தவர் அதன் உச்சியைத் தொட்டார். 2013-இல் நோல்ஸ் என்ற வெளிப்புறப் பயணப் பயிற்சிப் பள்ளி கறுப்பின ஏறுநர்களின் குழுவை அங்கே அனுப்பியது. உச்சிக்குச் சற்றுக் கீழே இடிமின்னலால் இறங்க நேர்ந்தாலும், தங்களைப் போன்ற பிள்ளைகள் பார்க்கட்டும் என்றே அவர்கள் போனார்கள்.

உங்கள் குழுவிடம் மூன்று கேளுங்கள்: சாமான்களை இலவசமாகத் தர முடியுமா, ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணம் உண்டா, வழிகாட்டிகளாகப் பயிற்சி பெறுவோரில் கறுப்பின, லத்தீன் மாணவர்கள் எத்தனை பேர்? மூன்றாவதை விடாமல் கேளுங்கள். உங்கள் தோழியிடம் பேசும்போது, ஏன் வரவில்லை என்று தொடங்க வேண்டாம். எங்கே போனால் அவருக்குப் பிடிக்கும் என்று கேளுங்கள்.

அன்புடன்,
கே.