முட்கம்பி கட்டவும் மருந்தடிக்கவும் ஒரே கையுறை போதுமா?

போதாது. வன்னியில் ஒரே விவசாயிதான் இரண்டையும் செய்கிறார் என்றாலும் ஆபத்துகள் வேறு, சோதனைகளும் வேறு.

முட்கம்பி வேலைக்கான கையுறையில் சுத்தியல் படத்தோடு ஈ.என். 388 என்றிருந்தால் அது ஐரோப்பியத் தரம். அதன் கீழுள்ள நான்கு இலக்கங்கள் முறையே தேய்வு, வெட்டு, கிழிவு, குத்து ஆகியவற்றைத் தாங்கும் அளவு. வெட்டுக்கு உச்சம் 5, மற்றவற்றுக்கு 4. அடுத்து வரும் எழுத்து, ஏ முதல் எஃப் வரை, இன்னொரு வெட்டுச் சோதனையின் முடிவு. எக்ஸ் என்றிருந்தால் அச்சோதனை நடக்கவில்லை. பனங்கருக்குக்கு வெட்டு, கிழிவு இலக்கங்களைப் பாருங்கள். குத்துச் சோதனையில் பயன்படுவது தடித்த உருக்குக் கம்பி. ஆகவே 4 என்று இருந்தாலும் உடைமரத்தின் மெல்லிய முள் உள்ளே இறங்கலாம்.

களைநாசினி, கிருமிநாசினிக்கு ஐ.எஸ்.ஓ. 18889 என்ற சர்வதேசத் தரத்தில் ஜி2 வகையை வாங்குங்கள். போத்தலிலிருந்து செறிவான மருந்தை ஊற்றிக் கலக்கும் நேரமே மிக ஆபத்தானது. அதற்கு, அதே தரத்தில் குறைந்த பாதுகாப்புத் தரும் ஜி1 வகை உதவாது. துணிக் கையுறை தயவுசெய்து வேண்டவே வேண்டாம். அது மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும்.

கடும் ஆபத்துக்கான ஐரோப்பியக் கையுறையில் சி.இ. என்ற ஐரோப்பிய இணக்கக் குறியின் அருகே நான்கு இலக்க எண்ணும் இருக்கும். உற்பத்தியைக் கண்காணிக்கும் வெளி அமைப்பின் எண் அது.